தரை டிக்கெட்டின் வரலாறு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என ஒவ்வொன்றாகக் கடந்து சிதம்பரத்தில் இறங்கும் அன்றாடப் பயணத்தில், மடியில் நோட்டை வைத்து எழுதியது என்று சொல்லியிருந்தீர்கள். ரயில் குலுங்கிய இடங்களில் எழுத்தும் குலுங்கியிருக்கிறது. அதையெல்லாம் நிதானமாகப் படித்தேன்.

வரலாற்றில் முதுகலை முடிக்கப் போகிறீர்கள். தமிழ்நாட்டுக்குச் சினிமா வந்த தொடக்க ஆண்டுகளைப் பற்றி ஆய்வு செய்ய ஆசைப்படுகிறீர்கள். அதையொட்டி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். "படமே மிஞ்சாத சினிமாவை எப்படி ஆராய்வது?" என்பது ஒன்று. "இதைப் படிச்சா சோறு போடுமான்னு மாமா கேக்கறாரு, என்ன பதில் சொல்றது?" என்பது மற்றொன்று. இதே கேள்விகளோடு வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் பொதுவில் பதில் எழுதுகிறேன். உங்கள் பெயரை விட்டுவிட்டேன். கடிதத்தின் கடைசியில் உங்கள் ஆயாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இவ்வளவு நீளமாக என்னை எழுத வைத்தது அந்த வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் கேள்வியில் ஒரு துக்கம் இருக்கிறது. அது எனக்கும் உண்டு. சென்னையில் மோட்டார் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த நடராஜ முதலியார், புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமரா சுற்றக் கற்றுக்கொண்டு வந்து, 1910களின் பிற்பகுதியில் 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவில் உருவான முதல் கதைப்படம் அது. அதில் ஓர் அடி பிலிம்கூட இன்று கிடையாது. அதன்பின் பேசாப்பட காலம் முடியும்வரை சென்னையில் எடுக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட படங்களும் போய்விட்டன. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்', தமிழ் பேசிய முதல் படம். அதுவும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், சூட்டிலும் ஈரத்திலும் பொடிந்துபோகும். ஓடி முடித்த படத்தில் ஒட்டியிருந்த வெள்ளிக்காக அதைக் கழுவிக் கரைத்தவர்களும் உண்டு.

தென்னிந்தியப் பேசாப்படங்களில் ஏறக்குறைய முழுமையாகத் தப்பியது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா' மட்டும். சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைப் பதிப்பித்த திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் உரிமை கோரி வழக்குப் போட்டது. படம் ஓடாமல் முடங்கியது. ஓடாததால் தேயவும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் பிரதி புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் ஊராக ஓடி மக்களை மகிழ்வித்த படங்கள் அழிந்தன. வழக்கில் கட்டுண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்தது பிழைத்தது.

ஆனால் நீங்கள் வரலாற்று மாணவி. சோழர் காலத்துக் கூத்தை நம்மில் யார் பார்த்தோம்? கூத்தருக்கு விட்ட காணியைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. எந்தக் கோயிலில், எந்தத் திருவிழாவில், எத்தனை கலம் நெல்லுக்கு ஆடினார்கள் என்று அதை வைத்துப் பேசுகிறோம். சினிமாவுக்கும் அப்படிப்பட்ட கல்வெட்டுகள் உண்டு. கொட்டகைக்குக் கொடுத்த லைசென்ஸ், போலீஸ் கமிஷனரின் குறிப்பு, செய்தித்தாள் விளம்பரம், காலணாப் பாட்டுப் புத்தகம், கிராமபோன் தட்டின் உறை, மாட்டுவண்டியில் தண்டோரா போட்டு வீசிய நோட்டீஸ். படம் போய்விட்டது. படத்தைச் சுற்றிக் கூடிய கூட்டத்தின் தடயம் போகவில்லை. தொடக்க காலச் சினிமா என்று நாம் ஆராய வேண்டியது அந்தக் கூட்டத்தைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வழியில் நடந்தவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று சொன்னால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

சு. தியடோர் பாஸ்கரன் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வரலாறு படித்தவர். பிழைப்புக்குச் சேர்ந்தது அஞ்சல் துறையில். தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். இடையில் ஆய்வு நிதி பெற்று, ஆவணக் காப்பகங்களில் தூசு தட்டி, நாடகக்காரர்களையும் பழைய திரைக் கலைஞர்களையும் தேடிப்போய்ப் பேசி, 1981இல் ஒரு நூலை வெளியிட்டார். 1880 முதல் 1945 வரை தென்னிந்தியாவில் நாடகமும் பாட்டும் சினிமாவும் தேசிய அரசியலைச் சுமந்து சென்ற கதை அது. வெளியிட்டது க்ரியா. தமிழ் சினிமாவை முறையான வரலாற்று ஆய்வுக்குள் கொண்டுவந்த முன்னோடி நூல்களில் ஒன்று. அதன் வழியே, மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறை சென்ற விஸ்வநாததாஸ் போன்றவர்கள், கூத்தாடிகள் என்று ஒதுக்கப்பட்ட நிலை மாறி, இந்த நாட்டின் வரலாற்றுக்குள் வந்தார்கள். 1996இல் அவர் எழுதிய, பின்னர் தமிழில் 'பாம்பின் கண்' என்று வந்த மற்றொரு நூல், சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதாகிய தங்கத் தாமரையைப் பெற்றது.

கார்த்திகேசு சிவத்தம்பி யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் பழந்தமிழ் நாடகத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். சங்க இலக்கியத்தில் ஊறிய அந்த மனிதர் 1981இல் தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து ஒரு சிறு நூல் எழுதினார். அதில் சொன்ன ஒரு கருத்து இன்றுவரை எல்லோராலும் எடுத்தாளப்படுகிறது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான். அங்கே எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையிலிருந்த காசு தீர்மானித்தது என்பது அவர் கருத்தின் சாரம்.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளாதாரம் படித்தவர். எம்.ஜி.ஆர். படங்களையும் அரசியலையும் பற்றி 1992இல் அவர் எழுதிய நூலைத் தவிர்த்துவிட்டு இத்துறையில் யாரும் பேச முடியாது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் புகைப்படக்காரராகவும் பத்திரிகைத் தொடர்பாளராகவும் இருந்தவர். யாரும் கேட்காமலே ஒவ்வொரு படத்தின் பெயரையும் தேதியையும் கலைஞர்களையும் வாழ்நாள் முழுக்கக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் பின்வந்த ஆய்வாளர்கள் பாதி நேரத்தைத் தேதி தேடியே கழித்திருப்பார்கள்.

அடுத்து ஸ்டீபன் ஹியூஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்து, தமிழ்நாட்டில் தங்கி ஆய்வு செய்து, 1996இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு லண்டனில் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் ஆசிரியரானார். தென்னிந்தியாவில் பேசாப்படப் பார்வையாளர் எப்படி உருவானார்கள் என்பதே அவருடைய ஆய்வேட்டின் பொருள். அங்கே யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுப்பதுபோல ஒரு கேள்வியையே தலைப்பாக வைத்தார். இருட்டுக் கொட்டகைக்குள் நின்று, எண்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே உட்கார்ந்திருந்தவர்களைக் கூப்பிடும் குரல் அது. ஓர் ஆய்வாளருக்கு இதைவிட நேர்மையான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அவர் வேலை செய்த விதத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். இயக்குநர் யார், நடித்தவர் யார் என்பதோடு நில்லாமல், படம் காட்டப்பட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். சென்னைக்குச் சினிமா வந்ததே 1896 டிசம்பரில், பாரிஸில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டி ஓராண்டு நிறைவதற்குள். அதிலிருந்து தொடங்கினார். கொட்டகைகளை அரசு கட்டுப்படுத்தத் தொடங்கியபோது படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிடத் தீவிபத்தும் நெரிசலும் கூட்டமுமே அதன் முதல் கவலையாக இருந்தன என்று காட்டினார். அமெரிக்கத் தொடர்படங்களில் சண்டை போட்ட எடி போலோவுக்காகச் சென்னைக் கொட்டகைகள் நிரம்பிய காலத்தை எழுதினார். கம்பெனி நாடகத்தின் பாட்டு கிராமபோன் தட்டில் ஏறி, தட்டிலிருந்து திரைக்குப் போன பாதையை விளக்கினார். பேசும்படம் வந்தபோது அதில் ஏன் அத்தனை பாட்டு என்று வியக்கிறோமே, பாட்டுக் கேட்கும் கூட்டம் படத்துக்கு முன்பே தயாராகிவிட்டது என்பதுதான் அதற்கு விடை.

வெளியுலகிலும் இதே மாற்றம் சற்று முன்னதாக நடந்தது. 1978இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் உலகத் திரைப்படக் காப்பகங்களின் கூட்டமைப்பு ஒரு மாநாடு நடத்தியது. 1900 முதல் 1906 வரையிலான நூற்றுக்கணக்கான கதைப்படங்களைத் தேடியெடுத்துத் திரையிட்டார்கள். கதை சொல்லத் தெரியாத குழந்தைப் பருவம் என்று அதுவரை தள்ளிவைத்த படங்கள் அவை. அவற்றைப் பார்த்த இளம் ஆய்வாளர்களில் ஒருவர் டாம் கன்னிங். நியூயார்க்கில் ஆய்வு செய்து, பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். அந்தப் படங்களுக்குக் கதை சொல்லத் தெரியாமல் இல்லை, அவற்றின் நோக்கமே வேறு என்று 1986இல் எழுதினார். திருவிழாக் கடைபோல, வித்தைக்காரனைப்போல, 'இதோ பார்' என்று கண்ணுக்கு ஒன்றைக் காட்டி வியக்க வைப்பதே அவற்றின் வேலை. கவர்ச்சிகளின் சினிமா என்று அதற்குப் பெயர் வைத்தார்.

திரையில் ரயில் வருவதைப் பார்த்து மக்கள் அலறி ஓடினார்கள் என்று ஒரு கதை உண்டல்லவா? பாரிஸிலும் சொல்வார்கள், நம் ஊரிலும் சொல்வார்கள். கன்னிங் அதையும் கேள்வி கேட்டார். பாரிஸில் உட்கார்ந்திருந்தவர்கள் ரயிலில் வந்து இறங்கியவர்கள். துணியில் விழும் நிழல் மோதாது என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உடல் சிலிர்த்தது. அறிவு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் நின்று அனுபவித்த வியப்பு அது. ரயிலும் மின்விளக்கும் கடிகாரமும் நெரிசலான தெருவும் மனிதர்களை உலுக்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்த உலுக்கலைக் காசு கொடுத்துப் பார்த்து ரசிக்கப் பழகினார்கள். சினிமாவையும் நவீன வாழ்வையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வது இதைத்தான். படிக்காத சனம் நிழலைப் பார்த்து மிரண்டது என்ற பழியை நம் பாட்டன் பாட்டிமார் தலையிலிருந்தும் இறக்கி வைக்க வேண்டும்.

நம்முடைய பக்கத்தில் ரயிலும் சினிமாவும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சேர்கின்றன. சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905இல் அங்கே படம் காட்ட வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கடல் தாண்டியும் போனார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி ஓரிடத்தில் நின்றார். கொட்டகை போட இடம், ஆள் வந்து சேர ரயில், வேலை முடிந்து கையில் மிஞ்சும் காசு, மாலையில் ஓய்வு என்ற நேரப் பிரிவு. இவை கூடியபோதுதான் சினிமா சாத்தியமாயிற்று. நீங்கள் தினமும் உட்கார்ந்து வரும் பாதையை இப்படி ஒருமுறை யோசியுங்கள். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மாயவரம் என்று தஞ்சைக்கு இறங்கும் அந்த ரயில் பாதை வழியே நாடகக் கம்பெனிகள் போயின, பாட்டுத் தட்டுகள் போயின, படப்பெட்டிகள் போயின. எந்த நிலையத்தில் பெட்டி இறங்கியது, எந்தத் திடலில் கொட்டகை எழுந்தது, எந்த ஆண்டு? தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகராயிருந்த கடலூருக்கு இந்தக் கணக்கு யாராவது போட வேண்டும்.

இனி சிதம்பரம். உங்கள் ஆயாவிடம் நந்தன் கதை வழியாக வருகிறேன்.

நந்தன் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவன், தில்லை என்ற சிதம்பரத்துக்கு 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றவன். சேக்கிழாரின் பெரிய புராணத்தில் அவனைத் தடுக்கும் பண்ணையார் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனை செய்தபோதுதான் வேதியர் என்ற நிலக்கிழார் கதைக்குள் வந்தார். உழவு முடியாமல் போகக் கூடாது என்றார். அதன்பிறகு தமிழ்நாடு முழுக்கப் பாடப்பட்டது அந்த நந்தனைத்தான். அந்த நந்தனே சினிமாவுக்கும் வந்தான்.

1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். ஒரு பெண் ஆண் வேடமேற்றார், மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியராக நடித்தார். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடே பேசியது. 1942இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி மறுபடி 'நந்தனார்' எடுத்தது. இயக்கியவர் முருகதாசா. நந்தனாராகப் பாடி நடித்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். இந்தத் தண்டபாணி தேசிகர்தான் பின்னாளில் நீங்கள் படிக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தார். திரையில் தில்லையின் எல்லையில் நின்று உருகிய குரல், தில்லைக்குப் பக்கத்திலேயே மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது.

இதை அப்படியே வெளியில் நடந்தவற்றோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது அதற்கு நந்தனார் பெயரையே வைத்தார். நடராஜ முதலியார் சென்னையில் படமெடுக்கக் கிளம்பிய அதே காலம். சென்னை மாகாணம் முழுக்கக் கோயில் கதவுகளைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது. அப்படியென்றால் 1935லும் 1942லும் இந்தப் படங்கள் ஓடியபோது, நந்தன் கோயிலுக்குள் போகும் காட்சியைக் காசு கொடுத்துப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அவரவர் ஊர்க் கோயில் வாசல் மூடியிருந்தது? அந்தக் காட்சியில் அவர்கள் அழுதார்களா, கும்பிட்டார்களா, கோபப்பட்டார்களா? நந்தன் தீயில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது என்பதைத் தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எப்படி எடுத்துக்கொண்டார்?

பிலிம் சுருளில் இதற்கு விடை இல்லை. 1942 படம் நல்லவேளையாக மிஞ்சியிருக்கிறது, நூறு முறை பார்த்தாலும் அது பதில் சொல்லாது. பதில் பார்த்தவர்களிடம் இருக்கிறது.

நீங்கள் எழுதிய வரி இது: "எங்க ஆயா சின்ன வயசுல டூரிங் கொட்டகையில நந்தனார் பாத்தாங்களாம். 'ஒரே கொட்டகைதாண்டி, ஆனா நாங்க உக்காந்த எடம் வேற'ன்னு சொல்வாங்க."

சிவத்தம்பி சொன்ன ஒரே கூரை என்ற கருத்தை நான் முப்பது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன், மேடைகளில் சொல்லியும் இருக்கிறேன். அது பெரிய உண்மை. கோயிலிலும் கூத்துக் களத்திலும் கிணற்றடியிலும் இல்லாத ஒன்று டிக்கெட் ஜன்னலில் இருந்தது. காசை நீட்டினால் சீட்டு. அந்தச் சின்ன ஜன்னல் இந்த மண்ணில் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைக் குறைத்துச் சொல்லவே கூடாது. ஆனால் உங்கள் ஆயாவின் ஒரு வாக்கியம் அந்தக் கருத்துக்குள் ஒரு விளக்கைக் கொண்டுபோகிறது. அந்த இடம் எப்படி வேறு? தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்ற காசு வேறுபாடா? பெண்களுக்கென்று தட்டி கட்டிப் பிரித்த பக்கமா? அல்லது, அதே தரையில், அதே மணலில், யாரும் எழுதி வைக்காமல் எல்லோருக்கும் தெரிந்திருந்த வேறொரு கோடா? காசு கோட்டை அழித்ததா, கோட்டின்மேல் உட்கார்ந்ததா? ஊருக்கு ஊர் வேறுபட்டதா, கடலூர் மாதிரியான துறைமுகப் பட்டணத்தில் ஒருவிதமாகவும் சிதம்பரத்தைச் சுற்றிய பண்ணை ஊர்களில் ஒருவிதமாகவும் இருந்ததா?

இது ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான கேள்வி. உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.

உங்கள் மண்ணிலிருந்து இன்னும் இரண்டு பேர் உங்களுக்குத் துணை. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். வின்சென்ட் படப்பெட்டியோடு புறப்பட்டதற்கு அடுத்த ஆண்டு. பேனாவோடு சினிமாவுக்குப் போனார், சொந்தமாகப் படமெடுக்கக் கம்பெனி தொடங்கினார், 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனேயில் வேலை செய்தபோது காசநோய் முற்றி 1948இல் மறைந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவர் ஜெயகாந்தன். 'உன்னைப்போல் ஒருவன்' படத்தைத் தானே எழுதி இயக்கினார். 'சினிமாவுக்குப் போன சித்தாளு' என்ற கதையில், கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் மனசுக்குள் திரை நாயகன் குடியேறியதையும் அதன் விலையையும் எழுதினார். அந்தக் கதையோடு நீங்கள் சண்டை போடலாம். அந்தப் பெண்ணின் ஆசையை அவர் கொஞ்சம் கடுமையாகத் தண்டித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தவள் என்ன நினைத்தாள் என்று கேட்கத் துணிந்த எழுத்து அது. அதையும் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய அரசாணைகளையும் தென்னாற்காடு மாவட்டக் கோப்புகளையும் கேளுங்கள். சினிமா என்ற தலைப்பில் மட்டும் தேடினால் கிடைக்காது. போலீஸ், பொதுச் சுகாதாரம், நகராட்சி, வெடிபொருள் என்று தேடுங்கள். 1927இல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைத்த இந்தியத் திரைப்படக் குழு நாடெங்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரித்தது. அந்தச் சாட்சியங்கள் பல தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. கொட்டகைக்காரர், வக்கீல், ஆசிரியர், அதிகாரி என ஒவ்வொருவரும் பேசிய பேச்சு அதில் அப்படியே இருக்கிறது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அந்த முத்தையா, யாரும் மதிக்காத பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே நூலகமாக்கியது. தியடோர் பாஸ்கரன் அதற்கு இயக்குநராக இருந்திருக்கிறார்.

இவற்றையெல்லாம்விட அவசரமானது உங்கள் ஊர் வீடுகள். 2004இல் தேவனாம்பட்டினத்தில் கடல் ஏறியது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரைச் சூறையாடியது. 2015இல் வெள்ளம். எத்தனை டிரங்குப் பெட்டிகள் நனைந்திருக்கும், எத்தனை பாட்டுப் புத்தகங்கள் கூழாகியிருக்கும் என்று நினைத்தால் மனம் பதைக்கிறது. ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் இருக்கும். கொட்டகையில் ஆபரேட்டராயிருந்த பெரியவர், டிக்கெட் கிழித்தவர், இடைவேளையில் முறுக்கு விற்றவர், அவர்கள் இருப்பார்களா?

மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். பேசாப்பட ஆய்வாளர் தேவை என்று எந்த அலுவலகமும் விளம்பரம் செய்யாது. தமிழ் சினிமாவை ஆராய்ந்தவர்கள் என்று நான் மேலே சொன்னவர்களில் ஒருவரும் சினிமாத் துறையில் பட்டம் வாங்கி வந்தவர்கள் இல்லை. அஞ்சல் அதிகாரி, சங்க இலக்கியம் படித்தவர், பொருளாதாரம் படித்தவர், புகைப்படக்காரர், மானுடவியல் படித்தவர். தங்கள் தொழிலில் கால் ஊன்றிக்கொண்டு, அங்கிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். வரலாற்றுத் துறையில் உதவித்தொகைத் தேர்வு எழுதுங்கள். ஆசிரியர் வேலை, நூலக வேலை, அரசு வேலை எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கு ஒரு வேலையும் வாழ்நாளுக்கு ஒரு கேள்வியும் வைத்துக்கொள்வது அவமானமில்லை. தியடோர் பாஸ்கரனின் முதல் நூல் வந்தது அவர் அஞ்சல் துறையில் இருந்தபோதுதான். ஒரு கேள்வியைப் பத்து, இருபது ஆண்டு விடாமல் வைத்திருப்பது எளிதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இடையில் மனம் சோரும். அப்போது ஆய்வேட்டைத் திறக்காதீர்கள், யாராவது ஒரு பெரியவரைப் பார்க்கப் போங்கள்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆயாவிடம் உட்காருங்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள், அவரிடம் சொல்லிவிட்டு. படம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருந்துச்சு என்றுதான் சொல்வார்கள். கொட்டகைக்கு யாரோடு போனீர்கள், எந்த வழியாக நடந்தீர்கள், டிக்கெட் எவ்வளவு, காசு யார் கொடுத்தது, கீற்றா தகரமா, மணல் குவித்து உயரமாக்கிக்கொண்டு உட்கார்ந்தீர்களா என்று கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கொட்டகையை வரையச் சொல்லுங்கள். திரை எங்கே, வாசல் எங்கே, நாற்காலி எங்கே. பிறகு விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், "நீங்க உக்காந்த எடம் எது, ஆயா? உங்களுக்கு அந்தப் பக்கம் யாரு?"

அவர் விரல் வைக்கும் இடத்தில் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்